அம்மாவுக்குப் பதினாறு ஆகவில்லை

அன்று காலை சமையலறையில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே விழுந்தன. பதினாறு வயது நிரம்பாத பிள்ளைகள் சமூக ஊடகத்தில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம் என்று போன வாரம் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள் அம்மா. அன்றிலிருந்து, சட்டம் போட்டதே அம்மாதான் என்பதுபோல், பதினைந்து வயது மகள் முகங்கொடுத்துப் பேசவில்லை. கணவரும், கூடவே இருக்கும் அவருடைய அக்காவும் மகள் கட்சி. பெற்றவளுக்கு இத்தனை கல் மனசா என்று நாத்தனார் ஜாடை பேசினாள்.

கடைசியில் சட்டம் யாரைப் பிடித்தது? அவளையே! சமூக ஊடகத்தில் இருந்த தன் தையல் தொழில் பக்கத்தைத் திறந்தால், 'உங்களுக்குப் பதினாறு வயது நிரம்பவில்லை' என்று வந்து நின்றது.

"பாப்பா, ஸ்கூலுக்குக் கிளம்பலையா?" என்று கணவர் கேட்க, நாத்தனாருக்குச் சிரிப்பில் புரையேறியது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வாடிக்கைக்காரர்கள் அனுப்பிய அளவெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன. மாலைக்குள் ஒரு கல்யாணப்பெண்ணின் உடையைத் தைத்தாக வேண்டும். ராப்பகலாய் ஊசியும் நூலுமாகச் சேர்த்த பெயர்... கண் கலங்கிவிட்டது.

கணவர் போனை வாங்கி முறையீடு எழுத உட்கார்ந்தார். உன் பிறந்த தேதி என்ன என்றார். அங்கேதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"நீங்களே சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன்."

அவர் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். மழைக்காலம் என்று இழுத்தார். கல்யாணத்துக்கு முந்தி, அது மட்டும் நிச்சயம் என்றாள் நாத்தனார்.

"இந்த வீட்ல யார் அளவும் எனக்கு மறந்ததில்ல... என்னோட ஒரே ஒரு தேதி யாருக்கும் தெரியல, இல்ல?"

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கம் போனால் போகட்டும்.

அறை வாசலில் நின்றிருந்த மகள், நாள், மாதம், வருடம் என்று தடுமாறாமல் ஒப்பித்தாள். உனக்கு எப்படித் தெரியும் என்று அப்பா வாயைப் பிளந்தார். மகள் உதட்டைக் கடித்தாள். சொன்னால் தன் கணக்குக்கு ஆபத்து என்று தெரிந்தும் சொன்னாள்.

"உன் பக்கத்தைத் தொடங்கினப்ப கைப்பழக்கத்துல என் தேதியைப் போட்டுட்டேன்மா. சட்டம் வருதுன்னதும்... என்னோடதுல உன் தேதியைப் போட்டுக்கிட்டேன்."

திருட்டுதான். ஆனால் இந்த வீட்டில் தன் பிறந்தநாளைத் திருடவாவது ஒருத்தி இருக்கிறாளே என்று அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "உனக்காவது தெரிஞ்சுதேடி, என் கண்ணு..." மகளும் தோளில் முகம் புதைத்து விசும்பினாள். கணவர் சத்தமில்லாமல் தேதியை எழுதி அனுப்பினார். நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். சற்று நேரத்தில் தையல் பக்கம் திறந்தது.

அவள் மகளை விடவில்லை. அணைத்தது அணைத்தபடியே, மகளின் போனை வாங்கி, அழுதுகொண்டே, அந்த இன்னொரு கணக்கை மூடினாள்.