செத்தவன் கேட்ட வாக்குமூலம்

கைபேசி அலறியபோது சுஹைராவின் இரண்டு கைகளிலும் கேக் இருந்தது.

ஓர்ஸ் ஹில்லில் ஒரு பிறந்தநாள் வீடு. பெட்டியை வீட்டுக்காரியிடம் அவசரமாக நீட்டிவிட்டுப் போனை எடுத்தாள்.

பல்கீஸ் மதினி. கணவனின் அக்கா.

"சுஹைரா... நீ எங்க நிக்கிற?"

"ஓர்ஸ் ஹில்ல. ஏன் மதினி?"

"அம்ரா?"

"பள்ளிக்கூடத்தில. என்ன நடந்தது?"

மறுமுனையில் நீண்ட மூச்சு ஒன்று.

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப வீடு மட்டும்தான்."

வீடு மட்டும்தான்...

ஓட்டோ உட்துறைமுக வீதியைத் தாண்டி ஒழுங்கைக்குள் திரும்பியதும் சுஹைரா இறங்கி ஓடினாள். ஓடிய கால்கள் பாதியில் நின்றன.

அவளுடைய வீடும் பக்கத்து வீட்டு டினேஷின் வீடும் ஒரே சுவரில் முதுகு சாய்த்து நின்றவை. இப்போது சுவரும் இல்லை. முதுகும் இல்லை. கணவன் ஸஹாப்தீன் கட்டார் வெயிலில் காய்ந்து அனுப்பிய காசில் எழும்பிய வீடு, கல்லும் ஓடும் புகையுமாகக் கிடந்தது. அவள் கேக் சுடுகிற குசினி இருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

இடிபாட்டுக்குள்ளிருந்து எதையோ தூக்கி வந்தார்கள்.

ஒரு மனிதன். கரிந்துபோன மனிதன். முகம் என்று சொல்ல எதுவும் மிச்சம் இல்லை. கழுத்தில் மட்டும் ஒரு சங்கிலி. சங்கிலியில் சிலுவை.

"இது இவர்ட சங்கிலி..."

டினேஷின் மனைவி தர்ஷனா. மாதா கோயிலில் இருந்து ஓடி வந்தவள், அப்படியே சுஹைராவின் தோளில் சரிந்தாள்.

இரண்டு பெண்கள். இரண்டு பேருக்கும் வீடு இல்லை. ஒருத்திக்குப் புருஷனும் இல்லை. சுஹைரா இரண்டு தடவை யோசிக்கவில்லை. தன்னுடைய மகள் அம்ராவோடு தர்ஷனாவையும் கூட்டிக்கொண்டு பல்கீஸ் மதினியின் வீட்டுக்குப் போனாள். அன்று தர்ஷனா தானாக ஒரு வாய் சோறு தின்னவில்லை. சுஹைராதான் பக்கத்தில் இருந்து ஊட்டினாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் பொலிஸ் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

மரியாதையான மனிதர். குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் அவர் சொன்னது சின்ன விஷயம் இல்லை. வெடித்தது சமையல் கேஸ். ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும், சிலிண்டர் வைத்து அடுப்பெரித்துக் கேக் விற்பது சுஹைரா. கவனயீனத்தால் ஒரு உயிர் போயிருந்தால் அதற்குக் கோர்ட் இருக்கிறது, மறியல் வீடு இருக்கிறது. நாலு மணிக்கு ஸ்டேசனுக்கு வந்து வாக்குமூலம் தரவேண்டும்.

அவர் போய்ச் சற்று நேரத்தில் இன்னொருவன் வந்தான்.

றிக்சன். வீட்டுக்குக் காப்புறுதி செய்த கொம்பனி அனுப்பிய மதிப்பீட்டாளன். வங்கிக் கடனுக்காக ஸஹாப்தீன் எடுத்த காப்புறுதி அது. பல்கீஸ் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போயிருந்தாள். அம்ரா குளித்துக்கொண்டிருந்தாள். தர்ஷனாதான் சிவந்த கண்களோடு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

றிக்சன் விறாந்தைக் கதிரையில் நுனியில் உட்கார்ந்தான்.

"எத்தனை சிலிண்டர் வைச்சிருந்தனீங்கள்?"

"ரெண்டு."

"இடிபாட்டுக்குள்ள அஞ்சு கிடக்கு."

சுஹைரா நிமிர்ந்தாள்.

றிக்சன் நிதானமாக விளக்கினான். காப்புறுதி எடுத்தது குடியிருக்கிற வீட்டுக்கு. அதற்குள் வியாபாரத்துக்கு அடுப்பு எரிப்பதைக் கொம்பனிக்கு யாரும் சொல்லவில்லை. அந்த அடுப்பால்தான் வெடித்தது என்றால் கொம்பனி கையை விரித்துவிடும். ஆனால் வேறொருவன் வேண்டுமென்று செய்த குற்றத்தால் வீடு போயிருந்தால், அந்த ஒப்பந்தத்தில் அதற்கு இடம் உண்டு. வீட்டைக் கட்டிக் கொடுக்க வேண்டியது கொம்பனியின் பாடு.

"அப்ப மிச்சம் மூண்டும் ஆரிட?" என்று கேட்டான்.

சுஹைராவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன கிழமை ஒரு மத்தியானம். டினேஷ் ஓட்டோவில் இருந்து சிலிண்டர்களை இறக்கிச் சாக்கால் மூடிக்கொண்டிருந்தான். இவ்வளவும் எதற்கு என்று அவள் கேட்டாள். நிலாவெளியில் ஒரு கூட்டாளியின் ஹோட்டலுக்கு என்றான் சிரித்துக்கொண்டு. அவளும் நம்பிவிட்டாள். கண்டது அவள் மட்டும்தான்.

அவள் அதைச் சொல்லச் சொல்ல றிக்சனின் முகம் மாறியது. பிற்பகல் பொலிஸில் இதையே சொல்லச் சொல்லிவிட்டுப் போனான்.

சுஹைரா மூச்சு விட்டாள். ஒரு வழி தெரிந்தது...

மதியம். தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து அழைப்பு.

"அக்கா... நான் டினேஷ்."

சுஹைரா இலக்கத்தை மறுபடி பார்த்தாள்.

அதே குரல். மதிலுக்கு மேலால் கறிவேப்பிலை கேட்கிற அதே குரல். உள்ளே அறையில் அவனுடைய விதவை இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் அவனுடைய பிரேதம் இருக்கிறது.

"கத்தாதேங்கோ. போனோட கிணத்தடிக்குப் போங்கோ. கதைக்கோணும்."

கால்கள் தாமாகவே நடந்தன.

டினேஷ் போனில் அவசரப்படாமல் பேசினான். தான் செத்துவிட்டதாகவும், செத்தவனாகவே இருக்கப்போவதாகவும் சொன்னான். அவன் பேரில் பெரிய ஆயுள் காப்புறுதி ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டு அடுப்பு வெடித்துச் செத்தவன் என்றால் கேள்வி இல்லாமல் காசு வரும். வீட்டுக்குள் சிலிண்டர் அடுக்கி வைத்துச் செத்தவன் என்றால் ஏன், எதற்கு என்று தோண்டுவார்கள்.

"அஞ்சும் உங்கட எண்டு சொல்லுங்கோ."

"ஏலாது."

"றிக்சனிட்ட ரெண்டுதான் உங்கட எண்டு சொன்னியள். மிச்சத்தை நான் இறக்கினதைக் கண்டதாவும் சொன்னியள். நாலு மணிக்கு மாத்திச் சொல்லுங்கோ."

"மாத்தாட்டி?"

"அம்ரா இண்டைக்குப் பள்ளிக்குப் போகேல்லை என்ன? நீல நிறச் சட்டை போட்டிருக்கிறா. வடிவா இருக்கு."

சுஹைரா போனைக் காதோடு அழுத்தினாள்.

"அப்ப... அங்க செத்தது ஆர்?"

"அது உங்களுக்குத் தேவையில்லை."

போன் செத்தது.

சுஹைரா கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டாள். உண்மை சொன்னால் மகள். பொய் சொன்னால் வீடு போகும், கடன் நிற்கும், கொல்லாத ஒருவனைக் கொன்றதாக அவள் மறியலுக்குப் போவாள். கணவனைக் கூப்பிடலாம். கட்டாரில் இருந்து அவன் அழுவதைத் தவிர வேறு என்ன செய்வான்? பொலிஸுக்குச் சொல்லலாம். செத்தவன் போன் எடுத்தான் என்றால் யார் நம்புவார்கள்?

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். வீட்டில்தான் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆனால்... அவனுக்கு எப்படித் தெரிந்தது?

விறாந்தையில் றிக்சனோடு பேசியதைக் கேட்டவர்கள் யார்? குளித்துவிட்டு அம்ரா போட்ட சட்டையின் நிறத்தைக் கண்டவர்கள் யார்?

சுஹைரா மெல்லத் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள்.

கட்டிலில் அம்ரா உட்கார்ந்திருந்தாள். பின்னால் தர்ஷனா. ஈரத் தலையை வாரி, பொறுமையாகப் பின்னிக்கொண்டிருந்தாள். அம்ராவின் கழுத்து அவளுடைய இரண்டு கைகளுக்கும் நடுவில் இருந்தது.

நேற்று ஊட்டிய சோறு சுஹைராவின் நினைவில் வந்தது.

அலறினால் முடிந்தது. பிடித்து இழுத்தாலும் முடிந்தது. தர்ஷனாவுக்கு ஒன்று என்றால் வெளியே இருப்பவன் சும்மா இருக்கமாட்டான். இவளாகவே அந்தத் தலைமயிரை விடவேண்டும்.

சுஹைரா அறைக்குள் போனாள். என்ன சொல்லப்போகிறாள் என்று அந்த நிமிஷம் வரை அவளுக்கே தெரியாது.

"ஆர் அக்கா போன்ல?" தர்ஷனா தலை நிமிராமல் கேட்டாள்.

"றிக்சன் தம்பி. உங்களுக்கு எப்பிடிச் சொல்றது எண்டுதான்..."

"என்னவாம்?"

"டினேஷுக்கு ஆயுள் காப்புறுதி இருந்ததாமே."

விரல்கள் பின்னிக்கொண்டே இருந்தன.

"ஓம். சின்னதா ஒண்டு."

"அந்தக் காசு உங்களுக்கு வராதாம்."

விரல்கள் நின்றன.

"நொமினியை மாத்திட்டாராம். போன மாசம். இப்ப வேற ஒரு பொம்பிளையிட பேராம்."

தர்ஷனா முதன்முறையாகத் தலை நிமிர்ந்தாள்.

"என்ன பேர்?"

"பேரைச் சொல்ல ஏலாதாம். அது சட்டமாம். நீங்க கவலைப்படாதேங்கோ தர்ஷனா. செத்த மனிசனோட என்னத்துக்குக் கோபம்."

தர்ஷனாவின் முகத்தில் இருந்த துக்கம் முழுவதும் ஒரு நொடியில் எங்கோ போயிற்று. அதற்குக் கீழே வேறொரு முகம் இருந்தது.

பாதி பின்னிய தலைமயிரை விட்டுவிட்டு எழுந்தாள்.

"கோயிலுக்குப் போயிட்டு வாறன் அக்கா."

அவள் டினேஷுக்குப் போன் எடுக்கவில்லை. எடுத்தால் அவன் உஷாராகிவிடுவான் என்பது கட்டிய மனைவிக்குத் தெரியாதா? வெள்ளைச் சேலையோடு சந்திக்கு நடந்து ஓட்டோவில் ஏறினாள்.

ஓட்டோ எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஜன்னலால் பார்த்துவிட்டு சுஹைரா கதவைத் தாழ் போட்டாள். மகளை ஒரு தடவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு இன்ஸ்பெக்டரின் இலக்கத்தை அமுக்கினாள். எல்லாவற்றையும் சொன்னாள். செத்தவன் பேசியதையும் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் நம்பினாரா என்று தெரியவில்லை.

"அவ எந்தப் பக்கம் போறா?" என்று மட்டும் கேட்டார்.

"கோயிலுக்கு எண்டு சொன்னவ சேர். ஆனா ஓட்டோ கண்டி ரோட்டுப் பக்கம் திரும்பிட்டுது."

அடுத்த கொஞ்ச நேரத்தில் ஜீப் வாசலில் நின்றது. ஸ்டேசனில் அறிக்கை எடுக்க வந்திருந்த றிக்சனும் உள்ளே இருந்தான். ஒரு பெண் பொலிஸை அம்ராவுக்குக் காவல் வைத்துவிட்டு, அடையாளம் காட்ட சுஹைராவை ஏற்றிக்கொண்டார்கள்.

சந்தியில் விசாரித்து, தர்ஷனாவை ஏற்றிய ஓட்டோக்காரனைப் போனில் பிடித்தார்கள்; அவன் சொன்ன ஊர் கப்பல்துறை.

பிரதான வீதியை விட்டு உள்ளே, மாமரங்களுக்குப் பின்னால் புதிதாக வெள்ளை அடித்த ஒரு சின்ன வீடு. தர்ஷனா இரண்டு கையாலும் கதவை இடித்துக்கொண்டிருந்தாள். ஜீப்பை அவள் கவனிக்கவே இல்லை.

அது கூட்டாளி ஒருவனின் வெறும் வீடு, ஒளிந்திருக்க நல்ல இடம் என்றுதான் டினேஷ் அவளுக்குச் சொல்லியிருந்தான்.

கதவு திறந்தது.

ஹவுஸ்கோட் போட்ட ஒரு பெண். கையில் அகப்பை. நிறைமாத வயிறு.

தர்ஷனா ஒரு அடி பின்வாங்கினாள்.

"ஆரடி நீ?"

"நான் டினேஷிட வைஃப்," என்றாள் அந்தப் பெண். "நீங்க ஆர்?"

அதற்குப் பிறகு நடந்ததைப் பிரிக்க இரண்டு கான்ஸ்டபிள்கள் தேவைப்பட்டார்கள். மூன்றாவது கான்ஸ்டபிள் வீட்டுக்குப் பின்னால் நின்றான். சோற்றுக் கையோடு ஜன்னலால் குதித்த டினேஷ் நேராக அவனுடைய கைகளில் விழுந்தான்.

மாமரத்தடியில் வைத்தே டினேஷ் எல்லாவற்றையும் கக்கினான்.

செத்தது இராசையா. இறங்குதுறையில் மீன்காரருக்கு ஐஸ் தூக்கிக் கொடுக்கிற கிழவன். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, படுக்க ஒரு இடமும் இல்லை. டினேஷ் அவனைக் கூப்பிட்டுச் சாராயம் ஊற்றினான். மயங்கியதும் தன் சங்கிலியைக் கழற்றிக் கிழவனின் கழுத்தில் போட்டான். சிலிண்டர்களைத் திறந்துவிட்டுத் தூரத்தில் இருந்து பொறி வைத்தான். பக்கத்து வீட்டில் ஆள் இருந்தால் என்ன ஆகும் என்று அவன் யோசிக்கவே இல்லை.

சுஹைரா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

இராசையா ஐயா. வாரத்தில் ஒருநாளாவது கேற்றடியில் வந்து நிற்பார். கருகிய கேக் ஓரங்களை வாங்கித் தின்றுவிட்டு, நல்லா வந்திருக்குப் பிள்ளை என்பார். இரண்டு நாளாக அந்த மனிதனைக் காணவில்லை. ஊரில் ஒருவரும் தேடவில்லை. அவளும் தேடவில்லை.

வீடு போனபோது வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது.

றிக்சன் ஜீப் பக்கமாகத் தள்ளிப்போய் யாருக்கோ போன் எடுத்துவிட்டுத் திரும்பி வந்தான். தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.

"வீட்டைப் பற்றி யோசியாதேங்கோ அக்கா. பக்கத்து வீட்டுக்காரன் வேணுமெண்டு செய்த குற்றம். கொம்பனி கட்டித்தான் ஆகோணும்."

"நான் கேக் சுட்டு வித்தது?"

"வெடிச்சது உங்கட குசினி இல்லையே. அதையும் எழுதித்தான் அனுப்புவன்." கொஞ்சம் தயங்கினான். "ஒண்டு கேக்கோணும். நொமினி மாறின விசயத்தை நான் சொன்னதா தர்ஷனாவிட்டச் சொல்லியிருக்கிறீங்கள். நான் சொல்லேல்லையே."

"ஓம் தம்பி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பிள்ளையை விடுவிக்க வாயில வந்த பொய்."

றிக்சன் அவளை விநோதமாகப் பார்த்தான்.

"அது பொய் இல்லை. இப்பதான் அந்தக் கொம்பனியில விசாரிச்சனான். நொமினியை மாத்தித்தான் இருக்கிறார். அதுவும் போன மாசம்."

சுஹைராவின் கையில் போத்தல் அப்படியே நின்றது.

அதற்குள் இன்ஸ்பெக்டர் விலங்கிட்ட டினேஷை ஜீப்பின் பின்பக்கம் தள்ளிக்கொண்டு வந்தார்.

கதவைத் திறந்தார்.

உள்ளே தர்ஷனா உட்கார்ந்திருந்தாள். அவள் கையிலும் விலங்கு. கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டு, பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினாள்.

டினேஷ் ஏறவில்லை. இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தான்.

"சேர்... ஆஸ்பத்திரிப் பிரேத அறையில என்ட பேரில ஒரு இடம் இருக்குத்தானே... என்னை அங்கயே விட்டிடுங்கோ."