செல்சுவர் போட்ட தங்கபுஷ்பம்

மதியச் சங்கு ஊதியதும் உப்பளத்து ஆட்கள் வரப்பில் ஏறி, கைகளை விரித்து, வெயிலைப் பார்த்து நின்றார்கள். அதுதான் சாப்பாடு.

அவர்களுடைய தோல் செல்களுக்குள் கம்பெனி பசுங்கணிகம் ஏற்றியிருந்தது. இலையைப் பச்சையாக்கி, வெயிலில் உணவு சமைக்கும் அதே சாமான். பிறகு, தாவர செல்லில் இருப்பதுபோல் உள்ளே பெரிய நீர்ப்பையும் வைத்தார்கள். தண்ணீர் குடிக்கப் போகிற நேரம் மிச்சமானது. அந்தக் கோடையில், உப்பு வாரும்போதும் வெயில் படத்தானே செய்கிறது என்று சாப்பாட்டு நேரத்தையே எடுத்துவிட்டார்கள்.

உப்புப்பெட்டி சுமக்கும் தங்கபுஷ்பத்துக்குப் பசி தாங்கவில்லை. தோல் சமைப்பது ஒரு கவளத்துக்குக் காணாது. கங்காணி தவசிக்கனியிடம் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, கொஞ்ச நேரம் விடுங்க. ரெண்டு வாய் சோறு தின்னுட்டு வாரேன்."

"பச்சையா இருந்துக்கிட்டு சோறு கேக்கியே. வேப்பமரம் தூக்குச்சட்டி கொண்டு வருதா?"

"வேப்பமரம் உப்புப்பெட்டி சுமக்குதா அண்ணாச்சி?"

தவசிக்கனி அவளைக் கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார். விலங்கு செல்லுக்கு மெல்லிய சவ்வு மட்டும்தான், அது வளைந்து நெளிவதால்தான் பசிக்கிறது என்று டாக்டர் கண்டுபிடித்தார். தாவர செல்லைப்போல் சவ்வுக்கு வெளியே ஒரு சுவர் எழுப்பினால் தீர்ந்தது என்று ஊசி போட்டார்.

சுவர் நன்றாகவே எழும்பியது. கூன் நிமிர்ந்தது, இடுப்புவலி போனது. ஒருநாள் வரப்பில் ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள். முழங்கால் மடங்கவில்லை, தாடை திறக்கவில்லை. கண்ணும் மூக்கும் பசியும் மட்டும் வேலை செய்தன.

அப்புறப்படுத்த வந்த ஆட்கள் தொடப் பயந்தார்கள். போன வாரம்வரை கூடச் சுமந்தவள்தான், தெரியும். இருந்தாலும் புல்கூட முளைக்காத மண்ணில் பச்சையாக ஒன்று அசையாமல் நிற்கிறதே. யாரோ மஞ்சள் துணி சுற்றினார்கள். யாரோ குங்குமம் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை உப்பளத்துக்கு விடுமுறை விட்டு, அம்மனுக்குச் செய்வதுபோல் கொடைத் திருவிழா நடத்தினார்கள்.

தவசிக்கனி குளித்து, ஈர வேட்டியோடு வந்து, சர்க்கரைப் பொங்கலை வாழையிலையில் அவள் முன்னால் படைத்தார். நெய் வாசனை நேராக அவள் மூக்கில் ஏறியது. அவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார்.

"தாயே, எங்கள ஒருநாளும் பட்டினி போட்டுராத."

பிறகு இலையை எடுத்துப் போய் எல்லாரும் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள்.