மழை நாளுக்கான மின்சாரம்

“வெயிலே வரலேன்னா?” என்று அக்கா கேட்டாள்.

“ஒரு நாளைக்குத் தாங்கும்க்கா. அதுக்கு மேல வேணும்னா சோலார் பேட்டரியை மூணு மடங்காக்கணும். என்னிக்கோ வர்ற அடைமழைக்காக யாராவது அவ்வளவு செலவு பண்ணுவாங்களா?”

மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு மாமா சிரித்தார். “என் மூச்சையே பெட்டியில அடைச்சு வெச்சிட்டான் உன் தம்பி. இனிமே அவனைத் திட்டக்கூட முடியாது.” பிறகு எதையோ கேட்க வாயெடுத்தார். தம்பி அவசரமாக டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தான். “சரி மச்சான். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

அவர் அன்று விழுங்கிக்கொண்ட அந்த வார்த்தைதான் இன்று வழி நெடுக அவனோடு வந்தது.

மின்கம்பி எட்டாத குன்று அது. போன மழைக்காலத்தில் மேகம் வந்து கூரைமேல் உட்கார்ந்தது, எழுந்திருக்கவே இல்லை. பாதை அறுந்து ஆக்சிஜன் சிலிண்டரும் வந்து சேரவில்லை. இரண்டாம் நாள் பேட்டரி தீர்ந்தது. மெஷின் நின்றது. கூடவே மாமாவும்.

அக்கா ஒருவழியாக அவனோடு டவுனுக்கு வரச் சம்மதித்துவிட்டாள். எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போக வந்திருந்தான்.

நடுப்பகல்தான். ஆனாலும் வெளியே மேகம் கவிந்து வீடு இருண்டு கிடந்தது. எங்கும் ஈரத்துணி வாடை. ஃப்ரிட்ஜ் அணைந்து, கதவு திறந்தபடி இருந்தது.

“லைட்டைப் போடுக்கா.”

“வேண்டாம்டா. இன்னிக்கு வெயில் இல்லை. இருக்கறது போதணும்.”

“யாருக்கு?”

அக்கா மாமாவின் துண்டை மடித்தாள்.

பேட்டரி அறையில், இன்வெர்ட்டர் திரையைப் பார்த்ததும் அவன் கை அப்படியே நின்றது. வீட்டில் எதுவும் ஓடவில்லை. ஆனாலும் ஏதோ ஒன்று மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருந்தது. திரையில் தெரிந்த அந்த வாட் எண்ணை அவனால் மறக்க முடியாது. இந்த வீட்டுக்குக் கணக்குப் போட்டபோது முதலில் எழுதியதே அதைத்தான்.

ஆக்சிஜன் மெஷினின் எண்.

அந்த மெஷினை அவனே ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து பல மாதங்களாகின்றன.

பக்கத்து அறையில் ‘புஸ்’ஸென்று ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொன்று.

பேனல் சுவிட்சை அணைத்தான். ஸ்பேனரால் பேட்டரி வயரையும் கழற்றினான். திரை செத்தது.

புஸ்.

“கழட்டிட்டியா?” அக்கா கதவோரம் நின்றாள். “எங்கிட்ட மூச்சு மட்டும்தான்டா விடறார். பேச மாட்டேங்கறார். உங்கிட்டதான் ஏதோ கேக்கணும் போல.”

அவன் உள்ளே போனான். விரித்த கட்டில், ஆளில்லை. தலையணையில் மட்டும் தலை வைத்தாற்போல் ஒரு பள்ளம்.

கட்டிலோரம் மண்டியிட்டான். “என்னன்னு கேளுங்க மாமா. அன்னிக்கு நான் கேக்க விடலை.”

மூச்சு நின்றது.

பள்ளம் மெல்ல அவன் பக்கம் சரிந்தது.

“மச்சான்...” அந்தக் குரலில் கோபமே இல்லை, அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. “இன்னும் ஒரு பேட்டரி சேத்துப் போட்டுடேன்.”