கையெழுத்தில்லாத டிரைவர்

திங்கள், காலை 9.20. ராபர்ட்சன்பேட்டை எக்ஸ்ரே நிலையத்தின் கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. நாலு வருஷத்து நுரையீரல் படங்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"பவ்யா வேலைதான் மேடம்," என்றார் உரிமையாளர் லாய்ட். "வேலைய விட்டுப் போறால்ல, அந்தத் திமிரு. ஊட்ல உக்காந்துக்கினே இன்டர்நெட்ல அழிச்சிட்டா. கேஸ் போடுங்க."

பவ்யா வாசலில் நின்றாள். அனுபவச் சான்றிதழ் வாங்க வந்தவள். அது இல்லாவிட்டால் நாளை பெங்களூரில் புது வேலையில் சேர முடியாது.

சப்-இன்ஸ்பெக்டர் லூயிசா ஹார்ட் டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தார். பதிவு சொன்னது: 8.40க்குக் கம்ப்யூட்டர் மறுபடி தொடங்கியிருக்கிறது. 8.45க்கு ஒரு ஸ்கேனரை இயக்கும் மென்பொருள், அதன் டிரைவர், ஏறியிருக்கிறது. தயாரித்தவர் யாரென்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து அதில் இல்லை. அப்படிப்பட்டதைக் கம்ப்யூட்டர் தானாக ஏற்காது; யாரோ பாதுகாப்பை நிறுத்தியிருக்க வேண்டும்.

மேஜைமேல் ஒரு பழைய ஸ்கேனர் இருந்தது.

"எம் மச்சான் ஹரோல்ட் மலிவா வாங்கியாந்தது," என்றார் லாய்ட். "நான் எட்டரைக்குக் கடையத் தொறந்துட்டு டிபன் சாப்பிடப் போனேன்."

லூயிசா ஸ்கேனர் பக்கத்தில் நின்ற ஹரோல்டைப் பார்த்தார். ஞானமெல்லாம் தன்னிடமே குத்தகை என்கிற முகம்.

"அப்ப யார் இருந்தது?"

"நானும் கூட்டுற மரியாவும்," என்றான் ஹரோல்ட். "நான் பேப்பர் படிச்சிக்கினு இருந்தேன். கம்ப்யூட்டர்ல எனக்கு இன்னா தெரியும்?"

"அப்போ மரியாதான்," என்றார் லூயிசா. "தொடைக்கறப்ப மவுஸ்ல கை பட்டிருக்கும். பாதுகாப்ப நிறுத்துற இடத்துல கிளிக் ஆயிருக்கும்."

"ஐயோ, நான் பினாயில்தாம்மா தொட்டேன்!" மரியா அலறினாள்.

ஹரோல்ட் மூக்கால் சிரித்தான். "போலீஸ்ல இதான் சொல்லித் தர்றாங்களா? அந்த நீல ஸ்கிரீன்ல மவுஸே வேலை செய்யாது மேடம். பாதுகாப்ப நிறுத்த ஏழாம் நம்பர அழுத்தணும்."

அவன் வாய் தாமதமாக மூடியது.

"ஒண்ணும் தெரியாதவருக்கு நம்பர் வரைக்கும் தெரியுதே," என்றார் லூயிசா. "அந்த ஸ்கிரீன் விண்டோஸ் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே வர்றது. அப்ப இன்டர்நெட்டே கிடையாது. பவ்யா வீட்ல இருந்து அழுத்த முடியாது, கீபோர்டு முன்னால ஆள் வேணும். டோக்கன் இல்லாத ஆளை சுரங்கத்துக்குள்ள எறக்குற கேஜ்ல ஏத்துவாங்களா? கம்ப்யூட்டரும் அப்படித்தான் தடுத்துச்சு. உன் ஸ்கேனருக்காக நீ தடுப்பையே எடுத்துட்ட. டிரைவரோட வந்த வைரஸ் எல்லாத்தையும் தின்னுடுச்சு."

லாய்ட் வாசல் பக்கம் திரும்பினார். "பவ்யா, தப்பா நினைக்காதம்மா. கம்ப்யூட்டர் சரியானதும் லெட்டர் அடிச்சுத் தர்றேன்."

"இப்பவே கையால எழுதுங்க சார்," என்றாள் பவ்யா. "ரயிலுக்கு நேரமாவுது. ஸ்பெல்லிங் வரலன்னா உங்க மச்சானக் கேளுங்க. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே."