சுகவாக்கு

2094 மே 11, எண்ணூர். நிழலில் வெப்பம் ஐம்பது பாகை. 'வெண்முகில்' அடுக்ககத்தின் சன்னல்கள் நிரந்தரமாக மூடப்பட்டுப் பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மாலை மணி அடித்ததும் ஒன்பதாம் தளத்தினர் வழக்கம்போல் சுவர்த்திரையின் முன் வரிசையில் நின்றார்கள். சுகம் என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு. இதற்குச் சுகவாக்கு என்று பெயர். தளம் முழுக்கப் பச்சையானால் இரவுக்குக் குளிர் உண்டு. ஒரே ஒரு சிவப்பு விழுந்தாலும் குளிர் நின்று, வெளிக்காற்று வடிகட்டி வழியே வெக்கையோடு உள்ளே வரும்.

செங்கனி மகளைத் தோளில் போட்டிருந்தாள். ஆறு வயது யாழிசை மூச்சிழுக்கும்போதெல்லாம் விலா எலும்புகளுக்கிடையே தோல் குழிந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"புள்ளைக்குச் சளியா?" என்றான் தளத்தலைவன் தேவசகாயம்.

"சளி இல்லண்ணே, காத்து இல்ல. உங்களுக்குத் தலை வலிக்கல?"

"எல்லாருக்குந்தான் வலிக்குது. மாத்திரை போட்டுக்க."

"நாம பச்சைய அழுத்த அழுத்த, இதுவே போதும்போலன்னு கட்டடம் வெளிக்காத்தைக் குறைச்சிக்கிட்டே வருது. கரண்ட்டை மிச்சம் பிடிக்குது."

"தெரியும்மா. அந்த மிச்சத்துலதான் உனக்குக் குளிரு வருது."

"மகாராணி வெயில்ல உலாத்தணுமாம். கீழ இறக்கி விடுங்கப்பா" என்றது வரிசையில் ஒரு குரல். சிரித்தார்கள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

அவள் முறை வந்தது. பக்கத்து வீட்டு மெஹருன்னிசா, "புள்ளைய எங்கிட்ட குடு" என்று வாங்கிக்கொண்டாள். சிவப்பை நோக்கிப் போன செங்கனியின் விரலைத் தேவசகாயம் பிடித்துப் பின்னுக்கு மடக்கினான். எலும்பு முறிந்த சத்தம் வரிசைக்கே கேட்டது.

செங்கனி மறு கையால் சுவரிலிருந்த தீயணைப்பு உருளையைப் பிடுங்கி அவன் முகத்தில் அடித்தாள். இரண்டு பற்கள் தரையில் விழுந்தன. திரையை எட்டுவதற்குள் அவள் மேல் பத்துப் பேர் விழுந்தார்கள். வயிற்றில் உதைத்தார்கள். கூந்தலைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினார்கள். அசைவு நின்றதும் தூக்கி நிறுத்தினார்கள். தேவசகாயம் அவளுடைய முறிந்த விரலை எடுத்துப் பச்சையில் வைத்து அழுத்தினான்.

"மன்னிச்சிக்கம்மா" என்றான், வாயில் ரத்தத்தோடு. "தளம் தூங்கணும்ல."

திரை முழுதும் பச்சையானது. குளிர் வந்தது. எல்லோரும் படுக்கப் போனார்கள். மெஹருன்னிசா குழந்தையை, தரையில் கிடந்த செங்கனியின் அருகில் கிடத்திவிட்டுத் தன் வீட்டுக் கதவைச் சாத்தினாள்.

விடிந்தபோது யாழிசையின் விலா ஏறி இறங்கவில்லை. ஒன்பதாம் தளத்தில் மூச்சு விடுவோர் எண்ணிக்கையில் கட்டடம் ஒன்றைக் கழித்தது. அதற்கேற்ப வெளிக்காற்றையும் குறைத்தது.