தணிப்பானைக் கழற்றியவள்

சதுரங்க ஆட்டம் தொடங்குமுன் நடுவர் ஒவ்வொரு மேசையாக வந்து மணிக்கட்டுகளைப் பார்த்தார். தணிப்பான் பச்சையாக எரிந்தால்தான் கடிகாரத்தை ஓடவிடுவார்.

பெரும்புயலுக்குப் பிறகு தூத்துக்குடியில் எல்லோருக்கும் அந்தப் பட்டையைக் கட்டிவிட்டிருந்தார்கள். பயமோ துக்கமோ தலைதூக்கும்போதே அது மழுக்கிவிடும். அக்கா பெர்பெத்துவை அடக்கம் செய்த அன்றும் ஜெசிந்தா வயிறாரச் சாப்பிட்டாள். இன்றுவரை அழவில்லை. கால் மட்டும் எங்கே உட்கார்ந்தாலும் ஆடிக்கொண்டே இருந்தது.

இப்போதும் மேசைக்கடியில் ஆடியது. பலகையில் சிசிலியன் டிராகன். அக்காவும் அவளும் சண்டை போட்டுச் சண்டை போட்டு ஆராய்ந்த தற்காப்பு. எதிரே ஆடிய பையன் இளவரசு ஓரச் சிப்பாயைத் தள்ளி, அவள் ராஜாவை நோக்கி வழி திறந்துவிட்டான். நகர்வுகள் எல்லாம் அவளுக்கு நினைவிருந்தன. எது அவசரம் என்பதுதான் தெரியவில்லை. எல்லாமே ஒன்றுபோல நல்லதாகத் தோன்றின.

“ஏட்டி, பயந்துட்டு யோசி. பயமில்லன்னா ஒனக்கு ஒண்ணும் தெரியாது” என்பாள் பெர்பெத்து.

ஜெசிந்தா நடுவரைக் கூப்பிட்டாள். “இதக் கழத்தலாமா?”

“ஆட்டம் தொடங்கினப்புறம் விதியில தடையில்லம்மா. ஆனா இத்தன நாள் அடக்கி வச்சதெல்லாம் மொத்தமா வரும். எந்திரிக்காமலே போனவங்க இருக்காங்க. ஒரு ஆட்டத்துக்காகவா?”

“ஆட்டத்துக்குன்னு யாரு சொன்னா?”

கழற்றினாள்.

முதலில் பயம் வந்தது. திறந்த அந்த ஓரவழி தன் கழுத்துக்கு நேரே வருவதைக் கண்டாள். தடுக்க நேரமில்லை, திருப்பி அடிக்க ஒரே வழிதான். யானையைப் பலிகொடுத்துக் குதிரையை அடித்தாள்.

பயத்தின் பின்னாலேயே பெர்பெத்து வந்தாள். மண்டபம் அதிர ஜெசிந்தா கதறினாள். பல வருடமாக யாரும் கேட்டிராத சத்தம். எல்லாத் தலைகளும் திரும்பின. எந்த முகத்திலும் ஒன்றுமில்லை.

இளவரசு பாதி எழுந்தான். “அக்கா, ஒடம்புக்கு என்ன? டிரான்னு முடிச்சுக்குவமா?”

“ஒக்காருலே. ஒங் கடிகாரம் ஓடுது.”

உட்கார்ந்தான். நடுங்காத கையால் தன் ராஜாவுக்கு முன் நின்ற சிப்பாயை எடுத்து யானையை வெட்டினான். ஜெசிந்தா மூக்கைத் துடைத்துக்கொண்டு, விசும்பியபடியே ராணியை எடுத்து வைத்தாள். சிப்பாய் விலகிப்போன இடத்தில் அவன் ராஜா வெட்டவெளியில் நின்றது. மணிக்கட்டில் பச்சை எரிய, அவன் அதைப் பார்த்தான், நிதானமாக, எல்லாக் கட்டங்களையும் பார்ப்பது போலவே.