பூசியவளும் குடித்தவனும்

கழிவறைப் பீங்கான் சிவந்திருந்தது.

பிரதாப் குனிந்து பார்த்தான். கண்களைக் கசக்கிக்கொண்டு மீண்டும் பார்த்தான்.

சிவப்பு. ஐயத்திற்கு இடமே இல்லாத சிவப்பு...

அது அவன் உடம்பிலிருந்து வந்தது.

ஹட்டன் கடைத்தெருவுக்கு மேலே, மாடி வீடு. ஞாயிற்றுக்கிழமைக் காலை. சன்னலுக்கு வெளியே மூடுபனி. கீழே அக்கரப்பத்தனை பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் குரல். இன்னும் சற்று நேரத்தில் நகர மண்டபத்தில் அவனுடைய 'மஞ்சிட்டி மேனி' களிம்பு புதிய புட்டியில் அறிமுகமாக இருந்தது. மாலைகள் வந்துவிட்டன. கேமராக்காரன் வந்துவிட்டான்.

கைபேசி ஒலித்தது.

பூரணி.

அவனுடைய அலுவலகத்தில் அண்மையில் வேலைக்குச் சேர்ந்தவள். தொலைபேசிக்குப் பதில் சொல்வாள், தேநீர் போடுவாள், கேட்டதற்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள்.

"பூரணி, இப்ப பேச நேரமில்ல. அப்புறமா எடு."

"சிவப்பா போச்சுங்களா சேர்?"

பிரதாப் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"எ... என்ன கேட்ட?"

"ஒண்ணுக்குப் போனீங்கல்ல. சிவப்பா போச்சான்னு கேட்டேன். நேத்தே போயிருக்கணும். உங்களுக்குக் கொஞ்சம் கெட்டி உடம்பு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தேத்தண்ணி போட்டவளுக்குத் தெரியாதுங்களா?"



தேநீர்!

பிரதாப் ஒரு தோட்டத்துக் கண்டாக்கின் மகன். கொழுந்து மலைகளை மேற்பார்க்கும் அந்த உத்தியோகத்தரின் வீட்டில், கோப்பையைச் சாய்த்து நிறம் பாராமல் எவரும் தேநீர் குடித்ததில்லை. நாக்குச் சொல்வதற்கு முன்பே கண் சொல்லிவிட வேண்டும். அது அங்கே பரம்பரைப் பெருமை. இந்த வாரம் முழுவதும் பூரணி கொண்டுவந்த பாலில்லா வெறும் தேநீர், கோப்பைக்குள் குங்குமக் குழம்பைப் போல நின்றது. இஞ்சி தூக்கலாக இருந்தது. இனிப்பு மேலோங்கியிருந்தது. அவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மெய்மறந்தான்.

"சாயம்னா இதுதான் சாயம். இன்னொரு கப் கொண்டா."

கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தான்.

"என்னடி கலந்த?" என்று கைபேசிக்குள் கத்தினான்.

"மரியாதையா பேசுங்க சேர். இன்னைக்கு உங்களுக்கு என் தயவு வேணும்."

"என்ன கலந்தீங்க? அந்தத் தூளையா?"

"எந்தத் தூளுங்க?"

அவன் வாயை மூடிக்கொண்டான்.

"கதவைச் சாத்திக்கிட்டு நீங்க தனியா கலக்குற தூளுங்களா? அதுக்கு ஏன் சேர் இந்தப் பயம்? மஞ்சிட்டி வேர்ச்சாறு, நூத்துக்கு நூறு மூலிகைன்னு பேஸ்புக்ல சிரிச்சுக்கிட்டே சொல்லுவீங்களே. இப்ப எனக்காக ஒருக்காச் சொல்லுங்க. அந்த வேரால என்னென்ன நன்மை?"

"பூரணி, விளையாடாத..."

"சொல்லுங்க. நீங்க சொல்லச் சொல்லத்தான் நான் மிச்சத்தைச் சொல்லுவேன்."

வியர்வை வழிய, ஈரத் தரையில் நின்றபடி, பிரதாப் ஒப்பித்தான்.

"கரும்புள்ளி மறையும்... வெயில்ல கறுத்தது தெளியும்... பரு வத்தும்... தோல் சுருங்காது..."

"மேனி துலங்கும். அதை விட்டுட்டீங்க."

"மேனி துலங்கும்."

"துலங்கிச்சு சேர். என் தங்கச்சிக்கு நல்லாவே துலங்கிச்சு. ஜெயந்தினின்னு பேரு. அக்கரப்பத்தனையில கொழுந்து எடுத்தா. பொண்ணு பாக்க வந்தவங்க கறுப்புன்னு சொல்லிட்டுப் போனாங்க. உங்க ஆளு பெரட்டுக் களத்துக்கே புட்டியக் கொண்டுவந்து வித்தான். வேலைக்குப் பேர் குடுக்க வந்த இடத்துல வாங்கினா. காலையில பூசினா, ராவைக்குப் பூசினா. வெளுத்தா. மலையே அவளைத்தான் பாத்துச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மறுபடியும் வந்தாங்க."

பிரதாப் பீங்கானைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்புறம் கால் வீங்கிச்சு. செருப்பு நுழையல. மூஞ்சி வீங்கிச்சு. சதை போடுறா, கல்யாணக் களைன்னு சிரிச்சோம். கண்டியில டொக்டர் ரத்தத்தைப் பாத்துட்டு, என்னம்மா பூசினன்னு கேட்டாரு. அப்ப அவளுக்குப் பேச முடியல."

"அது... அதெல்லாம் சோதிச்சு முடிஞ்சுபோச்சு. சுகாதாரக்காரங்க என் கடையிலதான் புட்டி எடுத்துட்டுப் போனாங்க. சுத்தம்னு ரிப்போட் வந்துச்சு."

"கடைக்குப் போற புட்டி சுத்தந்தான் சேர். தோட்டத்து லய வீடுகளுக்குப் போற புட்டி வேற."

அவன் கைபேசியைக் காதோடு அழுத்தினான்.

"அவ வச்சிருந்த புட்டி ஒண்ணுதான் சாட்சி. அதை நாங்க என்ன செஞ்சோம் தெரியுங்களா? ஆசையா வச்சிருந்த சாமான்னு, சீப்போட சோப்போட சேத்து, பெட்டிக்குள்ள அவ பக்கத்துலேயே வச்சு அடக்கம் பண்ணிட்டோம். எங்க கையாலேயே. தோண்ட அம்மா விடல. செத்த பிள்ளையை ரெண்டாவது தடவை சாகடிக்கணுமான்னு கேட்டா."

"இப்ப உனக்கு... உங்களுக்கு என்ன வேணும்? கம்பனியில பங்கு தாறேன். எழுதித் தாறேன்."

"என் தங்கச்சிய எழுதித் தருவீங்களா?"

கீழே பஸ் உறுமிக்கொண்டு புறப்பட்டது.

"முதல்ல சிவப்பு சேர். பிறகு நுரை. பிறகு ஒண்ணுமே வராது. அவளுக்கு இருந்த நேரம் உங்களுக்கு இருக்காது. அவ பூசினா, நீங்க குடிச்சிருக்கீங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னா போங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. என்ன சாமான்னு டொக்டர் கேப்பாரு. மழுப்பினா முறிவு மருந்து கிடைக்காது."

தொடர்பு அறுந்தது.

பிரதாப் சட்டையை மாற்றிப் பொத்தானிட்டுக்கொண்டு படிகளில் இறங்கினான். மண்டபத்திலிருந்து வந்த அழைப்பை அவன் எடுக்கவில்லை. மாலை போடுவதற்காகக் காத்திருந்தவர்கள் காத்திருந்தார்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரி.

டொக்டர் விஜிதரன் இளைஞர். சுற்றி வளைத்துப் பேசுபவர்களைப் பொறுக்காதவர். கட்டிலின் மறுபக்கத்தில் சார்ஜன்ட் இராயப்பன் நின்றார். ஆஸ்பத்திரிப் பொலிஸ் காவலறைக்குப் பொறுப்பானவர். நஞ்சு என்று எவர் வந்தாலும் அவருக்குத் தகவல் போகும்.

"என்ன குடிச்சீங்க?" என்றார் டொக்டர்.

"விஷம் டொக்டர். என் ஒபிஸ்ல வேலை செய்யிற ஒருத்தி தேத்தண்ணில கலந்து குடுத்துட்டா. சார்ஜன்ட், எழுதுங்க. பூரணின்னு பேரு. உடனே பிடிங்க."

"பிடிக்கலாம். ஓட்டமா ஓடினாலும் இந்தப் பனியில டிக்கோயாவைத் தாண்ட மாட்டாங்க," என்றார் இராயப்பன். "முதல்ல டொக்டருக்குப் பதில் சொல்லுங்க."

"என்ன விஷம்?"

பிரதாப் கூரையைப் பார்த்தான்.

"பூச்சி மருந்தா? எலி மருந்தா? புல்லுக்கு அடிக்கிறதா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு முறிவு இருக்கு. மாத்திக் குடுத்தா அதுவே ஆளை முடிச்சிரும். நான் ஊகிச்சு மருந்து குடுக்கிறவன் இல்ல."

"பொதுவா ஏதாவது..."

"பொதுவா செத்துப்போறீங்களா?"

இரத்தமும் சிறுநீரும் சோதனைக்குப் போயின. போத்தலின் சிவப்பு, அவனைக் கடந்து, தாதியின் கையில் ஆடி ஆடிச் சென்றது. பிரதாப்பின் பார்வை அதன் பின்னாலேயே போனது.

வாய் தானாகத் திறந்தது.

"மேர்க்கரி."

டொக்டரின் பேனா நின்றது.

"பாதரசமா?"

"பாதரச உப்பு. வெள்ளைத் தூள்."

"அது தேத்தண்ணி போடுற பிள்ளைக்கு எங்க கிடைச்சுது?"

"என்கிட்ட இருந்து எடுத்திருப்பா."

"உங்ககிட்ட எதுக்கு இருந்துச்சு?"

சார்ஜன்ட் இராயப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், பக்கத்தைப் புரட்டினார்.

"மெதுவாச் சொல்லுங்க. என் கை அவசரத்துக்கு எழுதாது."

"களிம்புக்கு," என்றான் பிரதாப். கண்ணீர் வந்துவிட்டது. "சீக்கிரம் வெளுக்கிறதுக்கு. எல்லாப் புட்டியிலயும் இல்ல சார்ஜன்ட். லயத்துக்குப் போறதுல மட்டும். அவங்கதான் வெளுத்தா ஒருத்தருக்கொருத்தர் சொல்லி விப்பாங்க. கடைக்குப் போறது வெறும் களிம்பு."

"மஞ்சிட்டி வேர்?"

"புட்டியில படம் மட்டுந்தான்."

"ஜெயந்தினின்னு ஒரு பிள்ளை அக்கரப்பத்தனையில..."

சார்ஜன்ட் அந்தப் பெயரை எங்கிருந்து எடுத்தார் என்று கேட்கும் நிலையில் பிரதாப் இல்லை. இரண்டு கிழமைகளுக்கு முன் பூரணி அவருடைய காவலறை வாசலில் நின்று முறையிட்டிருந்தாள். சாட்சி இல்லாமல் நான் என்னம்மா செய்வது என்று அவர் கைகளை விரித்திருந்தார்.

"தெரியும். வீங்கிப்போனான்னு என் ஆளு வந்து சொன்னான். விக்கிறதை நிறுத்தலாமான்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சீசன்ல நிறுத்தாதன்னு சொன்னேன். டொக்டர், எல்லாம் சொல்லிட்டேன். முறிவைக் குடுங்க."

"எந்த உப்புன்னு பாக்கணும். சாமான் மிச்சம் இருக்கா?"

"பொல்பிட்டியப் பக்கம் ஒரு வாடகை வீடு. பின் குசினியில டின் டின்னா இருக்கு. இந்தாங்க சாவி. ஜீப்பை அனுப்புங்க சார்ஜன்ட், நிக்காம போகச் சொல்லுங்க."

"நிக்காமத்தான் போவாங்க," என்று சாவியை வாங்கிக்கொண்டார் இராயப்பன். "இதுல ஒரு கையெழுத்து. நடுங்கினாலும் பரவாயில்ல, பேர் தெரிஞ்சா போதும்."

பிரதாப் கையெழுத்திட்டான். தன்னைக் காப்பாற்றப் போகும் தாள் அது என்றே எண்ணினான்.

பகல் ஏறியது. மூடுபனி விலகியது. பிரதாப் தன் கால்களைப் போர்வைக்கு வெளியே நீட்டி, வீங்குகின்றனவா என்று பார்த்தபடியே கிடந்தான். தாதி கண்ணாடி தர மறுத்துவிட்டாள்.

சார்ஜன்ட்டின் கைபேசி ஒலித்தது. கேட்டார். "நல்லது" என்றார். வைத்தார்.

"சாமான் கிடைச்சிருச்சு. நீங்க சொன்ன இடத்துலேயே. அடுக்கி வச்சிருந்தீங்களாம், பாராட்டினாங்க."

டொக்டர் விஜிதரன் சோதனை முடிவுடன் உள்ளே வந்தார். அவர் முகத்தில் ஒரு விசித்திரமான குழப்பம்.

"உங்களுக்குக் கால் வீக்கம் இருக்கா?"

"வரப்போகுது டொக்டர்."

"வராது. கிட்னி நல்லா வேலை செய்யுது. இதுல இரத்தமே இல்ல. மைக்ரஸ்கோப்புல ரெண்டு தடவை பாத்தாச்சு."

"அப்ப அந்தச் சிவப்பு?"

"சாயம். ஏதோ ஒரு சாயம்."

கதவோரத்தில் இருந்தவளை அப்போதுதான் பிரதாப் கண்டான். பூரணி! ஒரு பெண் பொலிஸ் அருகில் நின்றாள். யாரும் அவளைத் துரத்திப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தவளைக் கூட்டிவந்திருந்தார்கள்.

"இவர் உங்க மேல முறைப்பாடு குடுத்திருக்காரு," என்றார் சார்ஜன்ட். "தேத்தண்ணில என்ன கலந்தீங்க?"

"மஞ்சிட்டி வேருங்க. மருந்துக் கடையில வாங்கி, இடிச்சு, சுண்டக் காய்ச்சி வடிகட்டினது. தோலுக்கும் ரத்தத்துக்கும் நல்லதுன்னு வைத்தியர்மார் குடுக்கிறதுதான். குடிச்சா ஒண்ணுக்குச் சிவக்கும்."

டொக்டர் மெல்லத் தலையசைத்தார். "அப்படித்தான். ஆனா கேக்காமக் குடுத்தது தப்பு."

"தப்புத்தாங்க. அதுக்கு வர்ற தண்டனையை நான் வாங்கிக்கிறேன்."

அவள் கட்டிலருகே வந்தாள். பிரதாப் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"அந்த வேரோட பேரை வித்துத்தானே சேர் மாடி கட்டினீங்க. ஒரே ஒரு தடவை அதை அடுப்புல வச்சு அவிச்சுப் பாத்திருந்தீங்கன்னா, இன்னைக்குச் சிவப்பைக் கண்டு பயந்திருக்க மாட்டீங்க. திரும்பிப் படுத்துத் தூங்கியிருப்பீங்க. உங்க யாவாரத்துல நீங்க பாக்காத ஒரே சாமான் அதுதான்."

"நீ... நீ என்னைக் கொல்ல நினைக்கலையா?"

"நினைக்காம? தினமும் நினைச்சேன். ஒவ்வொரு கப்பையும் உங்க முன்னால வைக்கையில நினைச்சேன். ஆனா நீங்க செத்தா உங்க வாயும் செத்துரும். எனக்கு அந்த வாய் வேணுமா இருந்துச்சு."

பிரதாப் சார்ஜன்ட்டின் பக்கம் திரும்பினான்.

"நான் முறைப்பாட்டை வாபஸ் வாங்குறேன்."

"தாராளமா. இந்தப் பிள்ளை மேல குடுத்ததை வாங்கிக்கலாம்," என்றார் இராயப்பன், புத்தகத்தை மூடியபடி. "உங்க மேல நீங்களே குடுத்திருக்கீங்க பாருங்க, அதுக்கு நீதவான்கிட்டத்தான் போகணும். எழும்புங்க. ஜீப் திரும்பி வந்துட்டு இருக்கு."

விலங்கு பூட்டும் ஓசை கேட்டது.

அவன் கதவைத் தாண்டும்போது பூரணி அவனுடைய முகத்தை ஒருமுறை கூர்ந்து நோக்கினாள்.

"சிவப்பு ரெண்டொரு நாள்ல போயிரும் சேர், பயப்படாதீங்க. நல்ல வேரு, இந்த ஒரு வாரத்துல முகம் கொஞ்சம் தெளிஞ்சிருக்கு. ஜெயில்ல போட்டோ எடுக்கையில துலக்கமா விழுவீங்க."